கைமுறிவுக்குப் பின் நீடிக்கும் சி.ஆர்.பி.எஸ். வலிக்கு பிஸ்பாஸ்போனேட் ஊசி: ஒப்புக்கொள்ளலாமா?

குந்துகால் தம்பி:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காளுக்கு வயது 48. பாம்பனுக்குத் தெற்கே கடலில் பாசி எடுக்கப் போகிறவர். இரண்டு மாதங்களுக்கு முன்பு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பார்ப்பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறித்துக்கொண்டிருந்தபோது கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு என்று ஐந்து வாரம் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த அன்று எலும்பு கூடிவிட்டது என்று படத்தைக் காட்டி அனுப்பினார்கள். ஆனால் கை கூடவில்லை.

விரல்கள் வீங்கி, தோல் பளபளப்பாகச் சிவந்து, தொட்டால் இடது கையைவிடச் சூடாக இருக்கிறது. மின்விசிறிக் காற்று பட்டாலே துடிக்கிறார். சேலை முந்தானை உரசினால் எரிகிறது என்று கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறார் என்று வீட்டிலேயே சிலர் சொல்லிவிட்டதால் இப்போது யாரிடமும் வலியைப் பற்றிப் பேசுவதும் இல்லை. மதுரையில் ஒரு மருத்துவர் பார்த்து, இது சி.ஆர்.பி.எஸ். (Complex Regional Pain Syndrome, அடிபட்ட பின் ஒரு கையிலோ காலிலோ அளவுக்கு மீறி நீடிக்கும் வலி நோய்) என்றும், சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை ஒரு முறை இரத்தக்குழாயில் ஏற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். சீட்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், இது புற்றுநோய்க்காரர்களுக்குப் போடுவது என்றார். அன்றிலிருந்து அக்காள் அழுதுகொண்டிருக்கிறார். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை மருந்தாளுநர்:

தம்பி, முதலில் அந்தப் புற்றுநோய்ப் பேச்சை முடித்துவிடுவோம். சோலெட்ரோனிக் அமிலம் புற்றுநோய்க் கட்டியைக் கொல்லும் மருந்து அன்று. புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போது எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்கவும், அதனால் இரத்தத்தில் ஏறும் கால்சியத்தைக் குறைக்கவும் அதைக் கொடுக்கிறார்கள். அதே மருந்தை எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பாதி மட்டுமே சொன்னார். உங்கள் அக்காளிடம் இன்றே இதைச் சொல்லிவிடுங்கள், மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

சோலெட்ரோனிக் அமிலம் பிஸ்பாஸ்போனேட் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் கதை நம் ஊர்க்காரர்களுக்கு எளிதாகப் புரியும். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமல்லவா, அந்த உப்புப் படிவு குழாய்களை அடைக்காமலிருக்க ஆலைகளில் பயன்படுத்திய இரசாயனங்களின் வழியில்தான் பிஸ்பாஸ்போனேட்டுகள் வந்தன. சிறுநீரில் உள்ள பைரோபாஸ்பேட் என்ற பொருள் சுண்ணாம்பு படிவதைத் தடுக்கிறது என்று சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃபிளைஷ் கண்டார். உடலில் எளிதில் சிதைந்துபோகும் அந்தப் பொருளுக்குப் பதிலாக, அதன் நடுவிலுள்ள ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கார்பனை வைத்த, சிதையாத உறவுப் பொருள்களை அவரும் கூட்டாளிகளும் சோதித்து 1969இல் வெளியிட்டார்கள். அவை எலும்பின் சுண்ணாம்பில் ஒட்டிக்கொள்கின்றன. எலும்பை அரிக்கும் செல்கள் அந்த இடத்தைக் கரைக்க வரும்போது மருந்தையும் சேர்த்து விழுங்கி முடங்கிப்போகின்றன.

அதற்கும் வலிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எலும்பை அரிக்கும் செல்கள் அமிலத்தைச் சுரந்துதான் சுண்ணாம்பைக் கரைக்கின்றன. எலும்புக்குள்ளும் அதன் மேலுறையிலும் ஓடும் வலி நரம்புகள் அமிலத்திற்குக் கூசக்கூடியவை. சி.ஆர்.பி.எஸ். நோயின் தொடக்கத்தில் அந்தக் கையின் எலும்பு புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்பை இழப்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் பால் சூடெக் 1900ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார், அதனால் நெடுங்காலம் இதற்கு அவர் பெயரே வழங்கியது. அரிப்பை நிறுத்தினால் அமிலம் குறையும், அமிலம் குறைந்தால் வலி குறையும் என்பது ஒரு விளக்கம். அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் இந்த மருந்து குறைக்கிறது என்பது இன்னொரு விளக்கம். எது உண்மையான வழி என்று இன்னும் முடிவாகவில்லை.

தொண்டிக் கரை:

எலும்புத் தேய்மானத்திற்காக என் அத்தைக்கு இதே ஊசியைப் போட்டார்கள். மறுநாள் காய்ச்சலும், உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போன்ற வலியும் வந்து, டெங்கு என்று பயந்து இராமநாதபுரத்திற்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்றாம் நாள் தானாகவே தணிந்துவிட்டது. ஊசி போட்டவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

ஐயம் தீராதவன்:

மருந்தாளுநர் ஐயா அழகாக விளக்கினார், ஆனால் விளக்கம் அழகாக இருப்பதும் மருந்து வேலை செய்வதும் ஒன்றல்ல. இரத்தக்குழாயில் ஏற்றும் நெரிட்ரோனேட் என்ற பிஸ்பாஸ்போனேட்டை இந்த நோய்க்காகவே உலகச் சந்தைக்குக் கொண்டுவர குருனெந்தால் என்ற ஜெர்மானிய நிறுவனம் பெரிய அளவில் மூன்றாம் கட்ட ஆய்வுகளை நடத்தியது. 2019இல் இடைக்கணக்கைப் பார்த்தபோது, ஆய்வைத் தொடர்ந்தாலும் வெற்றுமருந்தைவிட (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்துச் சத்து இல்லாத போலி மருந்தைவிட) மேலானது என்று காட்ட வாய்ப்பில்லை எனத் தெரிந்து அவற்றை நிறுத்திவிட்டார்கள். மருந்தை விற்க விரும்பிய நிறுவனமே கைவிட்ட பிறகு, பாசி எடுத்துப் பிழைக்கும் ஒரு பெண் ஏன் அதே குடும்பத்து ஊசிக்குச் செலவு செய்ய வேண்டும்?

கீழக்கரை மருந்தாளுநர்:

ஐயம் நியாயமானது. மறைக்காமல் விடை சொல்கிறேன்.

இந்த நோய்க்கு இம்மருந்துகளை வெற்றுமருந்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை ஐந்து. 1997இல் இத்தாலியில் அலெண்ட்ரோனேட்டை மூன்று நாள் இரத்தக்குழாயில் ஏற்றிப் பார்த்தது 20 பேரிடம். 2000இல் அங்கேயே குளோட்ரோனேட்டைப் பத்து நாள் ஏற்றியது 32 பேரிடம். 2004இல் பாமிட்ரோனேட் 60 மில்லிகிராமை ஒரே முறை கொடுத்தது 27 பேரிடம். அதே ஆண்டு, அடிபட்ட பின் காலில் இந்நோய் வந்த 40 பேருக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் கொடுத்தார்கள். 2013இல் நெரிட்ரோனேட் 100 மில்லிகிராமைப் பத்து நாளில் நான்கு முறை ஏற்றியது 82 பேரிடம். எல்லாவற்றையும் கூட்டினாலும் 201 பேர்தான். நம் ஊர் விசைப்படகுச் சங்கக் கூட்டத்திற்குக்கூட அதைவிட அதிகமானவர்கள் வருவார்கள். ஐந்திலும் மருந்து பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது என்பது உண்மை. ஆனால் ஆய்வு சிறிதாக இருந்தால் தற்செயலும் பெரிதாகத் தெரியும் என்பதும் உண்மையே. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் சான்றுகள் அனைத்தையும் திரட்டிப் பார்த்து, வலி குறையக்கூடும் என்பதற்கான சான்று உறுதி குறைந்தது என்றும், பக்கவிளைவுகள் கூடும் என்பதற்கான சான்று அதைவிட உறுதியானது என்றும் எழுதியது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். 2013ஆம் ஆண்டு ஆய்வில் சேர்த்துக்கொண்டது, நோய் தொடங்கி நான்கு மாதத்திற்கு மேற்படாதவர்களை மட்டுமே. அவர்களில் மருந்து பெற்றவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. வெற்றுமருந்தாக உப்புநீர் மட்டும் பெற்றவர்களுள் மூன்றில் ஒருவருக்கே அப்படிக் குறைந்தது. கை சூடாகச் சிவந்து வீங்கியிருக்கும் தொடக்க நிலையில், அதுவும் எலும்பு முறிவுக்குப் பின் வந்த நோயில், எலும்பு வேகமாக அரிக்கப்படும்போதுதான் இம்மருந்துக்கு வேலை இருக்கிறது என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பொருள். தம்பியின் அக்காள் இருப்பது அந்த நிலையில்தான். ஆகவே 2019ஆம் ஆண்டின் தோல்வியை வைத்து அவருக்கு இது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கட்டாயம் வேலை செய்யும் என்றும் சொல்லமாட்டேன்.

ஐயம் தீராதவன்:

அந்த மூன்றில் ஒருவர் என்ற கணக்கைத்தான் நானும் சொல்ல வந்தேன். வெறும் உப்புநீருக்கே அத்தனை பேருக்கு வலி பாதியாகிறது என்றால், முதல் ஆண்டில் இந்நோய் பலருக்குத் தானாகவே தணிகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஊசி போட்ட மறுமாதம் கை சரியானால் ஊசிக்குப் புகழ், தர்காவுக்குப் போய்வந்த மறுமாதம் சரியானால் தர்காவுக்குப் புகழ்.

மூக்கையூர்:

நான்கு ஆண்டுகளாக இதே நோயோடு இருக்கிறேன். விசைப்படகில் வின்ச்சுக்கும் கயிற்றுக்கும் இடையில் இடது கை மாட்டியது. தொடக்கத்தில் சூடாக இருந்த கை ஓராண்டுக்குப் பின் குளிர்ந்து, நீலம் பாய்ந்து, விரல்கள் மடங்கி நின்றுவிட்டன. மூன்றாம் ஆண்டில் பாமிட்ரோனேட் ஏற்றினார்கள். இரண்டு நாள் காய்ச்சல் வந்ததைத் தவிர எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. மருந்தைக் குறை சொல்லவில்லை. மருந்தாளுநர் சொல்வதைப் படித்தபோது, எனக்கு அது காலம் கடந்து வந்ததோ என்று தோன்றியது, அவ்வளவுதான். இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியவே இரண்டு ஆண்டுகள் ஆயின. தம்பி, உன் அக்காளுக்கு இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது. அது சிறிய காரியமில்லை.

இராமநாதபுரம் பிசியோ:

ஊசியைப் பற்றிய விவாதத்தில் கை மறந்துபோய்விட்டது போலிருக்கிறது. நான் இயன்முறை மருத்துவத்தில் பணியாற்றுபவள், இந்த நோயோடு வருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

நோயை உறுதி செய்வதற்கு இரத்தப் பரிசோதனை ஏதும் கிடையாது. 2003இல் புடாபெஸ்ட் நகரில் வல்லுநர்கள் கூடி வகுத்த அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறோம். தொடுகையில் மிகையான வலி, நிறமும் வெப்பமும் மாறுதல், வீக்கமோ வியர்வை மாறுதலோ, அசைவோ முடியோ நகமோ மாறுதல் என்று நான்கு வகைகள். அவற்றுள் குறைந்தது மூன்றை நோயாளி சொல்ல வேண்டும், குறைந்தது இரண்டைப் பரிசோதிப்பவர் கண்ணால் காண வேண்டும், வலி அடிபட்ட அளவுக்கு மீறியதாக இருக்க வேண்டும், வேறு நோய் எதுவும் அதை விளக்கக்கூடாது. நடிப்பு என்று சொன்ன உறவினர்களை ஒரு நாள் அக்காளின் இரு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தோலின் சூட்டை யாராலும் நடித்துக் காட்ட முடியாது.

இந்தக் கடற்கரையில் நான் அடிக்கடி காணும் தவறுகள் இரண்டு. முதலாவது, மீன் பெட்டியில் போடும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வீங்கிய கையில் வைத்துவிடுகிறார்கள். வீக்கம் என்றாலே ஐஸ் என்பது நம் மக்களுக்குக் கைவந்த வைத்தியம், ஐஸுக்கும் இங்கே பஞ்சமில்லை. இந்த நோயில் அது வலியைக் கிளப்பிவிடும். இரண்டாவது, கட்டு வைத்தியரிடம் போய், எண்ணெய் தேய்த்து, விறைத்த விரல்களை வலுக்கட்டாயமாக இழுத்து மடக்கச் செய்கிறார்கள். அப்படிச் செய்து திரும்பி வந்தவர்கள் பலர் முன்பைவிட மோசமாகவே வந்தார்கள்.

கையை அசைக்காமல் அணைத்துக்கொண்டிருப்பதும் நோயை வளர்க்கும். நோயாளியே, தன் விருப்பத்தின் அளவுக்கு, நாள்தோறும் பல முறை கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். தோலைப் பழக்குவதற்கு முதலில் பட்டுத்துணி, பிறகு பருத்தி, பிறகு துவாலை, பிறகு ஒரு தட்டில் அரிசி, கடைசியாகக் காய்ந்த கடல்மணல் என்று படிப்படியாக ஏற்றுகிறேன். கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. நோயுள்ள கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையை அசைத்து அதன் பிம்பத்தைப் பார்த்தால், மறைந்திருக்கும் கை வலியில்லாமல் அசைவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. கை கால் இழந்தவர்களுக்கு வரும் மாய வலிக்காக இதை உருவாக்கியவர் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன். 2003இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், நோய் தொடங்கிச் சில வாரங்களே ஆனவர்களுக்கு வலி குறைந்தது, நெடுநாள் ஆனவர்களுக்குப் பயனில்லை. இங்கும் காலம்தான் கணக்கு என்பதைக் கவனியுங்கள்.

ஊசிக்கு நான் எதிரியில்லை. வலி குறைந்தால் அந்த இடைவெளியில் கையை அசைக்க முடியும், அதற்காகவே அதை வரவேற்பேன். ஊசி போட்டாயிற்று என்று கையைத் தூளியில் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பணம் வீண்.

குந்துகால் தம்பி:

ஐஸ் வைத்தது உண்மை. அதுவும் நானே கம்பெனியிலிருந்து கொண்டுவந்து வைத்தேன். அக்காள் அலறியதை நினைத்தால் இப்போது மனம் கூசுகிறது. ஊசிக்கு முன்பு என்னென்ன பார்க்க வேண்டும்? ஊசிக்குப் பதில் மாத்திரையாகவே வாங்கித் தர முடியாதா?

கீழக்கரை மருந்தாளுநர்:

தெரியாமல் செய்தது, விடுங்கள்.

மாத்திரை வழியில் இம்மருந்து நூற்றில் ஒரு பங்குகூட உடலில் சேர்வதில்லை. வெறும் வயிற்றில், ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் தேநீர்கூடக் குடிக்காமலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். எலும்புத் தேய்மானத்திற்கு அலெண்ட்ரோனேட் வாரத்திற்கு 70 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். நான் முன்பு சொன்ன ஆய்வில் நாளுக்கு 40 கொடுத்திருக்கிறார்கள், அதாவது வாரத்திற்கு 280. அந்த அளவை யாரும் தாமாக வாங்கி விழுங்கக்கூடாது.

ஊசிக்கு முன் பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது சிறுநீரகம். இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிட வேண்டும். அது நிமிடத்திற்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் சோலெட்ரோனிக் அமிலம் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்கள் மணிக்கணக்கில் கடலில் நின்றுவிட்டுத் தண்ணீரும் குடிக்காமல், மாலையில் உடல்வலிக்குக் கடையில் டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வதை நான் முப்பது ஆண்டுகள் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தவன். இரண்டும் சிறுநீரகத்திற்கு ஆகாதவை. ஊசிக்கு முந்தைய நாள்களில் வலி மாத்திரை எதை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊசியன்று நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மருந்தைப் பதினைந்து நிமிடத்திற்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும்.

அடுத்தது வைட்டமின் டி, கால்சியம். வெயிலில் கிடப்பவர்களுக்கு டி குறையாது என்று நினைக்காதீர்கள். நம் பெண்கள் முழுக்கைச் சட்டையும் முகத்தைச் சுற்றிய துணியுமாகத்தான் கடலில் இறங்குகிறார்கள். குறைபாட்டோடு ஊசி போட்டால் இரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கி, வாயைச் சுற்றி மரத்துப்போகும், கை கால் இழுக்கும். பிறகு பல். இம்மருந்து பெற்றவர்களுக்கு, பெரும்பாலும் பல் பிடுங்கிய பிறகு, தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிவது அரிதாக நடக்கும். புற்றுநோய்க்கு மாதந்தோறும் பெறுபவர்களிடம்தான் அது கூடுதல், ஒரே ஊசியில் மிக அரிது. ஆனாலும் பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கி ஆறவிடுவது நல்லது. மருந்து எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும் என்பதால், இனிமேல் குழந்தை பெறக்கூடிய வயதுப் பெண்களுக்கு மருத்துவர்கள் தயங்குவார்கள். உங்கள் அக்காளுக்கு அந்தக் கேள்வி பொருந்துமா என்பதை அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

ஐயம் தீராதவன்:

ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. பக்கவாதத்திற்குப் பின் கையில் இந்நோய் வந்த 60 பேரிடம் லக்னோ மருத்துவர்கள் பிரெட்னிசோலோனைக் கொடுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், பைராக்சிகாம் வலி மாத்திரையைவிட அது மிக நன்றாக வேலை செய்தது. விலையும் மிகக் குறைவு.

கீழக்கரை மருந்தாளுநர்:

நல்ல நினைவூட்டல். அந்த ஆய்வு பக்கவாத நோயாளிகளிடம் நடந்தது, எலும்பு முறிவுக்காரர்களிடம் அல்ல என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஸ்டீராய்டு தொல்லை தரும். ஆனாலும் தொடக்க நிலையில் இருப்பவருக்கு மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்வி அது. நீங்களும் நானும் முதல்முறையாக ஒத்துப்போகிறோம் போலிருக்கிறது.

குந்துகால் தம்பி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கிரியாட்டினின் சரியாக இருக்கிறது. மாதவிடாய் நின்று ஓராண்டாகிவிட்டது என்று அக்காள் சொன்னார். வைட்டமின் டி மிகவும் குறைவு என்று வந்ததால், அதற்கு மருந்து கொடுத்து, ஊசியை மூன்று வாரம் தள்ளி வைத்திருக்கிறார் மருத்துவர். ஸ்டீராய்டைப் பற்றியும் கேட்டேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் வேண்டாம் என்றார். வெற்றிலை புகையிலைப் பழக்கத்தால் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அதை நேற்று எடுத்துவிட்டோம். அந்தக் குழி நன்றாக ஆறிய பிறகுதான் ஊசி என்று பல் மருத்துவரும் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் பிசியோ அக்கா சொன்னபடி முகம் பார்க்கும் கண்ணாடியை அட்டைப்பெட்டியில் நிறுத்திப் பழகுகிறார். முதல் நாள் தலை சுற்றுகிறது என்று எழுந்துவிட்டார். இப்போது காலையும் மாலையும் பத்து நிமிடம் உட்காருகிறார். பட்டுத்துணியைப் பொறுத்துக்கொள்கிறார், துவாலை இன்னும் முடியவில்லை.

மூக்கையூர்:

துவாலைக்கு முன் பழைய வேட்டித் துணியை வைத்துப் பாருங்கள். பலமுறை துவைத்து நைந்தது. எனக்கு அதுதான் முதலில் பழகியது.

இராமநாதபுரம் பிசியோ:

அது நல்ல யோசனை, நானும் இனி அதைச் சேர்த்துக்கொள்கிறேன். ஊசி போட்ட பின் வரும் காய்ச்சல் நாள்களில் பயிற்சியைப் பாதியாகக் குறைக்கலாம், அடியோடு நிறுத்த வேண்டாம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். மூன்று நாளைக்கு மேல் நீடித்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

குந்துகால் தம்பி:

வேட்டித் துணி பழகிவிட்டது. நேற்று இரவு அக்காள் கையைப் போர்வைக்கு உள்ளே வைத்துத் தூங்கினார். ஊசி வரும் வியாழக்கிழமை. போட்ட பின் வந்து எழுதுகிறேன்.